மேலே பெய்யுது, கீழே சொல்லுங்க!

ஐப்பசி பிறந்துவிட்டால் திருவள்ளூர் மாவட்டத்து ஆற்றங்கரைக்காரர்கள் டிவி செய்தியில் ஒரு வெளிமாநிலத்து ஊரின் பெயரைத் தேட ஆரம்பிப்பார்கள். பிச்சாட்டூர். ஏரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள், ராத்திரி மறுபடி மழை உண்டா... இது மூன்றும் தெரிந்தால்தான் ஊத்துக்கோட்டையிலும் பெரியபாளையத்திலும் பலருக்குத் தூக்கம் வரும்.

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் வழியாகத் திருப்பதி போகிறவர்கள் கடந்துபோகும் ஊர் அது. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம். அதன் பிறகு திருப்பதி மாவட்டம். கடைத்தெருவில் தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துபோகும். பெண் கொடுத்ததும் எடுத்ததும் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. அதனால் மழைக்காலத்தில் போன் ஓயாது. "என்னம்மா, அங்க எப்படி இருக்கு?" என்று ஊத்துக்கோட்டையிலிருந்து அண்ணன் கேட்பார். "விடியக்காலம் பிடிச்சது, இன்னும் விடலைண்ணா. மலை மேலே கறுத்துக்கிட்டுதான் நிக்குது" என்று தங்கை சொல்வார். அந்த ஒரு பதிலை வைத்து அண்ணன் வீட்டில் நெல் மூட்டை உயரமான இடத்துக்குப் போகும். மாடு கொட்டகையிலிருந்து அவிழ்த்துக் கட்டப்படும்.

அரசு எச்சரிக்கை வருவதற்கு முன்னாலேயே இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. இதை வெறும் குடும்பப் பேச்சு என்று ஒதுக்கக் கூடாது என்பது என் எண்ணம். வானத்தைப் பார்ப்பதும், பார்த்ததை உடனே இன்னொருவருக்குச் சொல்வதும் இந்த எல்லைப் பகுதியில் உயிர் காக்கும் வேலை. அதைக் கொஞ்சம் ஒழுங்காக, நேரமும் அளவும் சேர்த்துச் செய்தால் இன்னும் எவ்வளவோ செய்யலாம்.

ஆறு வரும் வழி

நாராயணவனம், நாகலாபுரம் பக்கத்து மலைகளில் பெய்யும் மழை ஆரணி ஆறாகத் திரண்டு வருகிறது. பிச்சாட்டூரில் அதை அணை போட்டுத் தேக்கியிருக்கிறார்கள். ஆந்திர நீர்வளத்துறையின் ஏட்டில் அது ஆரணியாறு நீர்த்தேக்கம். நம் பத்திரிகைகளுக்கும் மக்களுக்கும் பிச்சாட்டூர் ஏரி. முழுக் கொள்ளளவு சுமார் 1.85 டி.எம்.சி. உபரி நீர் சுருட்டப்பள்ளி அணைக்கட்டைத் தாண்டி, ஊத்துக்கோட்டையில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டில் கடலோடு சேர்கிறது.

டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. சேரும். ஒரு பேச்சுக்கு, மலையிலிருந்து நொடிக்கு 10,000 கன அடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காலியாகக் கிடக்கும் ஏரி நிரம்ப இரண்டு நாளுக்கு மேல் ஆகும். ஆனால் கார்த்திகையில் ஏரி காலியாக எங்கே இருக்கப் போகிறது? ஏற்கெனவே முக்கால் நிரம்பிய ஏரிக்கு அதே வரத்து வந்தால் பதின்மூன்று மணி நேரம் போதும். சாயங்காலம் ஆறு மணிக்கு மலையில் பிடித்த மழைக்கு, விடிந்து ஏழு மணிக்குள் மதகைத் திறந்தாக வேண்டும். பிச்சாட்டூரிலிருந்து ஊத்துக்கோட்டை சாலை வழியில் முப்பது கிலோமீட்டருக்குள்தான். இரவு நடப்பதை இரவே சொல்லாவிட்டால் காலையில் தரைப்பாலம் தண்ணீருக்குள் போன பிறகுதான் தெரியவரும்.

சொல்ல வேண்டியவர்கள் யார் என்பதில்தான் சிக்கல். பிச்சாட்டூர் மேகத்தைப் படம் பிடிப்பது சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் டாப்ளர் ராடார். 2002-ல் இந்திய வானிலைத் துறை நிறுவிய முதல் டாப்ளர் ராடார் அதுதான். அந்த ஊருக்கு முன்னறிவிப்பு சொல்வது அமராவதி வானிலை மையம். தேங்கும் தண்ணீருக்குப் பொறுப்பு ஆந்திர நீர்வளத்துறை. வெள்ளத்தை எதிர்கொள்வது திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம். ஒரே மேகத்துக்கு நான்கு அலுவலகம், இரண்டு மாநிலம், இரண்டு அரசு மொழி. இவர்களுக்குள் தகவல் போகிறது. ஆரணி ஆற்றங்கரைக் கிராமங்களுக்கு வருடா வருடம் தண்டோராவும் எச்சரிக்கையும் வருகிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் நிமிடங்கள் கரைகின்றன.

2021 நவம்பரை இந்தப் பகுதி எளிதில் மறக்காது. வங்கக்கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 19-ஆம் தேதி சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. திருமலை மலைப்பாதையில் மண் சரிந்தது. திருப்பதித் தெருக்களில் வெள்ளம் புரண்டது. அதே 19-ஆம் தேதி காலை, கடப்பா மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்தது. மேலே பிஞ்சா அணைக்கு வந்த வெள்ளம்தான் கீழே இறங்கியது. ராஜம்பேட்டை பக்கத்துக் கரையோரக் கிராமங்களில் உயிர்கள் போயின. வீடுகள் இருந்த இடமே தெரியாமல் மணல் மூடியது. மேலே என்ன நடக்கிறது என்பது கீழே இருப்பவருக்கு எத்தனை மணி நேரம் முன்பே தெரிந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற கேள்வியை, ஆற்றோரம் வாழும் எவரும் கேட்காமல் இருக்க முடியாது.

ராடாருக்குத் தெரியாதது

ராடார் இருக்கும்போது ஆளெதற்கு என்று கேட்கலாம். ராடாரின் அலை நேர்கோட்டில் போகும். பூமியோ வளைந்து போகிறது. தூரம் கூடக் கூட அலை தரையை விட்டு மேலே போய்விடும். சென்னையிலிருந்து பிச்சாட்டூர் நேர்க்கோட்டில் எழுபது கிலோமீட்டர் அளவு. அரை டிகிரி சாய்வில் அனுப்பிய அலை அங்கே போய்ச் சேரும்போது தரைக்கு மேலே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்பது அந்த அலைக்குத் தெரியாது. கடலிலிருந்து வரும் கீழைக்காற்று மலைமேல் மோதி, உயரம் குறைந்த மேகங்களாகவே இருந்துகொண்டு மணிக்கணக்கில் பொழிகிற மழை உண்டு. அதை ராடார் குறைத்தே காட்டும். தரையில் வைத்த மழைமானிதான் உண்மையைச் சொல்லும்.

மழைமானி பெரிய கருவியொன்றும் இல்லை. ஒரு புனல், அடியில் ஒரு குப்பி, அளக்க ஒரு கண்ணாடிக் குவளை. புனலின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், சமமாக இருக்க வேண்டும். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். தினமும் காலை 8.30-க்குக் குவளையைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, தண்ணீரின் மேல்பரப்பு நடுவில் குழிந்திருக்கும் இடத்தைப் படிக்க வேண்டும். ஓரத்தில் ஏறி நிற்கும் தண்ணீரைப் படித்தால் கணக்கு கூடிவிடும். கருவி இல்லாதவர்கள் பக்கங்கள் செங்குத்தாக இருக்கும் ஒரு டப்பாவை வெட்டவெளியில் வைத்து, உள்ளே ஸ்கேல் விட்டு அளந்தாலே போதும். டப்பா அகலமா குறுகலா என்பது விஷயமே இல்லை. தண்ணீரின் உயரம்தான் மழையின் அளவு. ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். நூறு மி.மீ. பெய்தால் ஒரு சதுர கிலோமீட்டரில் பத்துக் கோடி லிட்டர். மலையடிவாரத்தில் அந்த நூறு எந்த நேரத்தில் நூறானது என்பது ஆற்றுக்கரைக்காரருக்கு எவ்வளவு பெரிய செய்தி!

வானிலைத் துறையின் பேச்சில், 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை கனமழை; 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. டிவியில் இந்தச் சொற்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். நம் கூரையின் மேல் பெய்ததற்கு இதில் எது பொருந்தும் என்று அளந்து பார்த்தவர்கள்தான் குறைவு.

மேற்கே மின்னினால்

வடகிழக்குப் பருவமழை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆனி முதல் புரட்டாசி வரை இன்னொரு விதமான மழை இருக்கிறது. பகல் முழுதும் சுட்டெரித்த வெயிலில், மதியத்துக்கு மேல் சித்தூர், வேலூர் பக்கத்து மேட்டு நிலங்களில் இடிமேகம் எழும்பும். மேலடுக்கில் வீசும் மேலைக்காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். கடல்காற்றை எதிர்கொள்ளும் இடத்தில் அது இன்னும் பெருக்கும். சென்னையில் ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குத் திடீரென்று பெய்து ஓய்கிற மழை பெரும்பாலும் இப்படி மேற்கிலிருந்து வந்ததுதான்.

மணிக்கு இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நகரும் ஒரு மேகம் பிச்சாட்டூரைத் தாண்டிச் சென்னைக்கு வர இரண்டரை மணி நேரம் எடுக்கும். பிச்சாட்டூரில் ஏழு மணிக்குக் காற்றும் இடியும் தொடங்கினால், மேகம் வழியில் கரையாமல் இருந்தால், ஒன்பதரைக்கு மயிலாப்பூர்க்காரர் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுத்திருக்க வேண்டும். இரவில் மின்னல் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். இடி இருபது கிலோமீட்டருக்கு மேல் கேட்பது அரிது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எத்தனை நொடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டரில் மேகம் நிற்கிறது என்று தெரிந்துவிடும். சத்தமே இல்லாமல் மேற்கே மின்னிக்கொண்டிருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. முப்பது நொடிக்குள் இடி கேட்கிறது என்றால் வயலில் நிற்பவர் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். வருடா வருடம் இந்தியாவில் மின்னல் தாக்கி இறப்பவர்களில் பெரும்பாலோர் வயலில் வேலை செய்பவர்களும் மாடு மேய்ப்பவர்களும்தான்.

மழை பார்த்த கண்ணே மீன் பார்த்தது

வானிலையும் விண்மீனும் தனித்தனித் துறை என்று இன்று பிரித்துவிட்டோம். சென்னையில் அவை ஒரே கூரையின் கீழ் பிறந்தவை. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-ல் எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் வைத்தார். பிறகு கம்பெனி அதை எடுத்துக்கொண்டு, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. விண்மீன்களைக் குறித்த அதே கைகள் வெப்பமானியையும் காற்றழுத்தமானியையும் குறித்துவைத்தன. இன்று மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில்தான் அந்தப் பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண் நிற்கிறது. அதில் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். புயல் நேரத்தில் டிவி கேமராக்கள் முண்டியடிக்கும் அந்த வாசலுக்குள் இப்படி ஒரு தூண் இருப்பது பலருக்குத் தெரியாது.

அங்கே வேலை பார்த்தவர்தான் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனை அவர் கண்டுபிடித்தார். இன்றைய பட்டியலில் அதற்கு ஆர் ரெட்டிகுலி என்று பெயர். லண்டன் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினராகத் தேர்வான முதல் இந்தியர் அவர். அவரிடம் எனக்கு அதிகம் பிடித்தது வேறொன்று. 1874 டிசம்பர் 9-ல் சூரியனின் முகத்தைச் சுக்கிரன் கடக்கப் போகிறது என்று தெரிந்ததும், சாதாரண மக்கள் அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று கையேடு எழுதி, ஆங்கிலத்தோடு நில்லாமல் இந்திய மொழிகளிலும் வெளிவர வைத்தார். வானத்தில் நடப்பது எல்லோருக்கும் சேரவேண்டிய செய்தி என்று நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே நினைத்த மனிதர். திருக்கணிதப் பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகளில் அவர் பெயர் இன்றும் அறிந்த பெயர்தான்.

1899-ல் வானியல் வேலைகள் கொடைக்கானலுக்குப் போயின. நுங்கம்பாக்கத்தில் மழையும் காற்றும் மிஞ்சின. ஆனால் பிரிந்த இரண்டும் பிச்சாட்டூருக்கு மேற்கே, ஐம்பது அறுபது கிலோமீட்டரில், வேறொரு உருவத்தில் மறுபடி சேர்ந்தன. அந்த இடம் காடங்கி. அங்கே இருக்கும் தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் 130 மீட்டருக்கு 130 மீட்டர் பரப்பில் 1,024 ஆன்டெனாக்கள் வரிசையாக நிற்கின்றன. 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் இந்த எம்.எஸ்.டி. ராடாருக்கு மேகம் தேவையில்லை, மழையும் தேவையில்லை; தெளிந்த காற்றின் அசைவையே அது படிக்கும். விண்கல் எரிந்து விழும்போது விட்டுப்போகும் தடமும் அதன் கண்ணில் படும். பக்கத்திலேயே லைடார் என்ற கருவி 1998 முதல் இரவு வானத்தில் பச்சை லேசர் கற்றையைச் செங்குத்தாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. மேலே தூசு எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று திரும்பிவரும் ஒளியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அடர்ந்த மேகம் வந்துவிட்டால் அந்த வேலை நின்றுவிடும். தொலைநோக்கிக்காரருக்கு இருக்கும் அதே கவலை இவர்களுக்கும்: இன்றைக்கு வானம் எப்படி?

கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலும் அதே கேள்விதான். 2008 அக்டோபர் 22 காலை சந்திரயான்-1 கிளம்பிய நேரம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம். முந்தைய நாள்களின் மழையைப் பார்த்து நாடே கவலைப்பட்டது. 2024 டிசம்பர் 30 இரவு பத்து மணிக்குப் போன பி.எஸ்.எல்.வி. போல இரவில் கிளம்பும் ராக்கெட்டை, கிழக்குத் திசை திறந்திருக்கும் ஊர்களிலிருந்து வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். பிச்சாட்டூரிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா அறுபது கிலோமீட்டர் அளவுதான். நடுவில் மேகம் நின்றால் அதன் உட்புறம் ஒரு கணம் சிவந்து அடங்கும்.

நாகலாபுரத்து மாலை வெயில்

பிச்சாட்டூரை அடுத்த நாகலாபுரத்தில் வேதநாராயண சுவாமி கோயில். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பாவின் பெயரில் அமைத்த ஊர் என்பது ஊர் வரலாறு. கோயில் மேற்கு பார்த்தது. பங்குனியில், மார்ச் கடைசி வாரத்தை ஒட்டி, மூன்று நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அஸ்தமன சூரியனின் கதிர் ராஜகோபுரத்தைத் தாண்டிக் கருவறைக்குள் விழுகிறது. முதல் நாள் சுவாமியின் பாதம், இரண்டாம் நாள் நாபி, மூன்றாம் நாள் கிரீடம். சூரிய பூஜை என்று கூட்டம் அலைமோதும்.

மூன்று நாள் மட்டும் ஏன்? மார்ச் இறுதியில் சூரியன் மறையும் இடம் வேகமாக வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். ஒரு நாளைக்குச் சுமார் 0.4 டிகிரி. சூரியனின் சொந்த அகலமே அரை டிகிரிதான். ஆக, கோபுர வாசலின் நேர்க்கோட்டை அது சீக்கிரமே கடந்து போய்விடுகிறது. இதே கணக்குப்படி செப்டம்பர் மூன்றாம் வாரத்திலும் சூரியன் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத் திரும்பி வந்துதான் மறைகிறது. ஆனால் அது மேற்கே இடிமேகம் குவியும் புரட்டாசி சாயங்காலம். பங்குனியிலோ மேற்கு வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். கட்டியவர்களுக்குச் சூரியன் நகரும் விதமும் தெரிந்திருக்கிறது, மேகம் வராத மாதமும் தெரிந்திருக்கிறது என்றே நான் நம்புகிறேன். கதிர் விழும் அந்த மாலைகளில் எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், வானத்தில் மேகம் உண்டா இல்லையா என்று நாகலாபுரத்துப் பள்ளிப் பிள்ளைகள் வருடா வருடம் குறித்து வைத்தால் அது எவ்வளவு அருமையான ஏடாக இருக்கும்!

ராத்திரி வானம்

மழை ஓய்ந்த மார்கழி, தை இரவுகளில் இந்தப் பக்கத்து வானம் கண்ணைப் பறிக்கும். தூசையெல்லாம் மழை கழுவிப்போட்டிருக்கும். உச்சிக்குப் பக்கத்தில் கார்த்திகைக் கூட்டம், அதற்குக் கிழக்கே சிவந்த உரோகிணி, கீழே வேடன் உருவமும் அதன் தோளில் திருவாதிரையும். தை, மாசியில் தெற்கே பார்த்தால் அடிவானத்திலிருந்து 24 டிகிரி உயரத்தில் அகத்திய நட்சத்திரம் வெள்ளையாகச் சுடர்விடும். லண்டன்காரர் தன் ஊரிலிருந்து ஒரு நாளும் காண முடியாத விண்மீன் அது. சித்திரை, வைகாசியில் தென்சிலுவையும் தெற்கே எழும்பும். வடக்கே துருவ நட்சத்திரம் பதின்மூன்று டிகிரி உயரத்தில்தான் இருக்கும். மலையை ஒட்டிய ஊர்களில் அதைப் பார்க்கக் கொஞ்சம் தள்ளி வந்து நிற்க வேண்டும். வடபாதி வானமும் தென்பாதி வானமும் சேர்ந்து கிடைக்கும் இந்த அட்சரேகையின் வசதிக்காகத்தான் வைணு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே 1968-ல் வேலை தொடங்கியது. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. அங்கேயும் பருவமழை மாதங்களில் தொலைநோக்கிக்கு ஓய்வுதான். நல்ல இரவுகள் தை முதல் பங்குனி வரை.

வானத்தை ராத்திரி பார்ப்பவர் மழையையும் சேர்த்தே பார்க்கிறார். நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம். எட்டக் கோட்டை கிட்ட மழை, கிட்டக் கோட்டை எட்ட மழை என்பார்கள் பெரியவர்கள். எட்டக் கோட்டை என்பது நிலாவிலிருந்து 22 டிகிரி தள்ளி வரும் பெரிய வளையம். கையை நீட்டி விரல்களை நன்றாக விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் நடுவே உள்ள அகலம் ஏறத்தாழ அவ்வளவு. மிக உயரத்தில் மெல்லிய திரையாகப் பரவிய மேகத்தின் பனித்துகள்கள் நிலா வெளிச்சத்தை வளைப்பதால் அது உண்டாகிறது. கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி நகரும்போது அதன் முன்னோடியாக வருவது பல நேரம் இந்தத் திரைதான். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் எட்டக் கோட்டை கட்டினால் ஓரிரு நாளில் மழையை எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. நிலாவை ஒட்டினாற்போல் வரும் சின்ன வளையம் வேறு. அது நீர்த்துளி மேகத்தின் வேலை. மழைக்கு அதை நம்ப முடியாது. பெரியவர்களின் பேச்சு எத்தனை முறை பலித்தது, எத்தனை முறை பொய்த்தது என்று தேதியோடு எழுதி வைத்தவர் இல்லை. அந்த வேலையை இன்று ஒரு பள்ளிக்கூடப் பெண்ணே செய்துவிடலாம்.

இன்னொன்றையும் அவள் குறிக்கலாம்: எத்தனை விண்மீன் காணாமல் போகிறது என்று. பிச்சாட்டூருக்குத் தென்கிழக்கே சென்னையின் வெளிச்சம், வடமேற்கே திருப்பதியின் வெளிச்சம், கிழக்கே ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையின் வெளிச்சம். மூன்றும் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே வருகின்றன. 2006 முதல் உலகம் முழுக்க நடக்கும் 'குளோப் அட் நைட்' திட்டத்தில், வேடன் போன்ற ஒரு விண்மீன் கூட்டத்தை வெறும் கண்ணால் பார்த்து, கொடுத்திருக்கும் படங்களில் எது தன் ஊர் வானத்தோடு பொருந்துகிறது என்று யாரும் பதிவு செய்யலாம். கருவி எதுவும் வேண்டாம். நல்ல இருட்டு இன்னும் மிச்சமிருக்கும் ஊர்களிலிருந்து வரும் பதிவுக்குத்தான் மதிப்பு அதிகம். நகரத்தில் எல்லாம் போன பிறகு என்னத்தை எண்ணுவது?

எப்படிச் சொல்வது?

திருப்பதியைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் சாய் பிரணீத், ஆந்திரப் பிரதேச வெதர்மேன் என்ற பெயரில் வானிலைத் தகவல்களைத் திரட்டி விவசாயிகளுக்குப் புரியும் மொழியில் கொடுத்துவருகிறார். 2021 ஜூலையில் பிரதமரின் வானொலி உரையில் அவர் பெயர் இடம்பெற்றது. இந்தப் பக்கம் தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜானைத் தெரியாத சென்னைவாசி குறைவு. மாவட்டம் விட்டு மாவட்டம் மழை எப்படி நகர்கிறது என்று பேசும் பழக்கத்தைச் சாதாரண மக்களிடம் வளர்த்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மழை அளவை மில்லிமீட்டரில் பேசும் டீக்கடைகளை நானே பார்த்திருக்கிறேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஆனால் அவர்களுக்கும் தரையிலிருந்து தகவல் போக வேண்டும். அங்கேதான் நாம் கோட்டைவிடுகிறோம். "பயங்கர மழை, அணை உடையப் போகுது, எல்லாருக்கும் அனுப்புங்க" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வரும். எந்த ஊர், எந்த நாள், யார் பார்த்தது என்று எதுவும் இருக்காது. மூன்று வருடத்துக்கு முந்தைய வீடியோ ஒன்று கூடவே ஒட்டிக்கொண்டு வரும். இப்படி ஒன்று பரவினால், நிஜமான எச்சரிக்கை வரும்போது யாரும் நகர மாட்டார்கள். வதந்தியை அனுப்பியவருக்குக் கெட்ட எண்ணம் இல்லாமல் இருக்கலாம், சேதம் சேதம்தான். இப்படி ஒரு செய்தி வந்தால் எப்படி இருக்கும்? "நாகலாபுரம், சனி இரவு 9.40. எட்டரையிலிருந்து விடாமல் பெய்கிறது. டப்பாவில் 38 மி.மீ. காற்று கிழக்கிலிருந்து. மின்னல் இல்லை." ஐந்தே வரி. இதை வைத்து முன்னறிவிப்பாளர் தன் ராடார் படத்தைச் சரிபார்க்கலாம். ஊத்துக்கோட்டை அண்ணன் மாட்டை அவிழ்க்கலாமா என்று முடிவு செய்யலாம். மழை நின்றாலும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும். "பத்தே காலுக்கு விட்டது, விண்மீன் தெரிகிறது" என்ற செய்தியும் ஆற்றங்கரையில் ஒரு குடும்பத்தைத் தூங்க வைக்கும். அதிகாரபூர்வமான எச்சரிக்கை மாவட்ட நிர்வாகத்திடமிருந்துதான் வர வேண்டும். நாம் அனுப்புவது பார்த்ததும் அளந்ததும் மட்டுமே. இந்த எல்லையை மீறாமல் இருந்தால் நம் பேச்சுக்கு மதிப்பு நிற்கும். தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று என இரண்டாகவே அனுப்பலாம். இரண்டு மொழியும் சரளமாக வரும் பிள்ளைகள் அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு டிசம்பர் 13-ஆம் தேதி இரவைச் சொல்வேன். மிதுன விண்கல் பொழிவு உச்சம் தொடும் இரவு அது. 1983-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தன் என்ற சிறுகோள் விட்டுப்போன துகள்கள் வளிமண்டலத்தில் எரிவதுதான் இந்தப் பொழிவு. மிதுனத்தின் இரட்டை மீன்கள் எட்டு மணி சுமாருக்குக் கிழக்கே எழும்பி, இரவு இரண்டு மணிக்கு உச்சிக்கு அருகே வரும். நிலா இல்லாத நல்ல இருட்டில் மணிக்கு ஐம்பதுக்கு மேல்கூட எண்ணலாம். பாயை விரித்து மல்லாந்து படுத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணிக்கையை எழுத வேண்டும். சர்வதேச விண்கல் அமைப்பு யார் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்கிறது. அவர்களுடைய படிவத்தில் விண்கல் எண்ணிக்கையோடு இன்னும் இரண்டு கட்டங்களையும் நிரப்பியாக வேண்டும்: வெறும் கண்ணுக்குத் தெரிந்த மிக மங்கலான விண்மீன் எது, வானத்தில் எவ்வளவு பங்கை மேகம் மறைத்தது. இந்த இரண்டும் இல்லாத எண்ணிக்கையை வேறொரு ஊரின் எண்ணிக்கையோடு ஒப்பிட முடியாது. டிசம்பர் 13 இன்னும் வடகிழக்குப் பருவமழைக் காலம்தான். பாதி வருடங்களில் வானம் மூடியே இருக்கலாம். அப்படி இருந்தால் எத்தனை மணிக்கு மூடியது, எந்தத் திசையிலிருந்து வந்தது, எப்போது தூறல் விழுந்தது என்று எழுதி, படிவத்துக்குப் பதில் ஊத்துக்கோட்டைக்கு அனுப்பிவிட வேண்டியதுதான்.